அமைதி என்ற சரக்கு: தறிவீடு ஒன்றை விலை பேசியதை முன்வைத்துச் சில குறிப்புகள்

"அமைதியான ஊரு சார். நல்ல காத்து, நல்ல தண்ணி. கும்புட மலை மேல முருகன், அவசரம்னா ரயிலேறினா மெட்ராஸ். இன்னும் இன்னா சார் வேணும் ஒரு மனுசனுக்கு?"

தரகர் இதைச் சொல்லி முடிக்கும்வரை நான் என் காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிற நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம். அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டு ஒருவர் 'அமைதி' என்கிறார், அது அவருக்கு முரணாகவே படவில்லை. எனக்குத்தான் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் புரிந்தது. அந்தத் தெருவில் சத்தமில்லாமல் இருந்தது ஒரே ஒரு வீடு. விற்பனைக்கு வந்த வீடு அதுதான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு காட்சியை விளங்கிக்கொள்ளும் முயற்சி. வீடு வாங்குவது எப்படி என்கிற வழிகாட்டியாகவும் இதில் சில பகுதிகள் பயன்படலாம். அதில் எனக்கு வெட்கமில்லை. பத்திரம் படிக்கத் தெரியாமல் பிரதி வாசிப்பு குறித்துப் பேசிக்கொண்டிருந்தவன் நான்.

1

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுத் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறவன். அம்பத்தூர் பக்கம் பதினொரு வருஷத்தில் ஆறு வீடு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புத்தகப் பெட்டிகளைத் தூக்குகிறவர் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இத்தையெல்லாம் படிச்சி முடிச்சிட்டா போட்டுறலாமே சார்?" மனைவியின் நகை, ஒரு சீட்டுப் பணம், கொஞ்சம் கடன் எல்லாம் சேர்த்தால் சென்னையில் ஒரு குளியலறை வாங்கலாம். புறநகர் மின்ரயில் திருத்தணி வரை ஓடுகிறது. ஆகவே மேற்கே பார்த்தோம்.

ஆனால் பணக் கணக்கு மட்டும் இதற்குக் காரணமில்லை. நம் வட்டத்தில் முப்பதைத் தாண்டிய பலருக்கும் ஒரு ஆசை வந்துவிடுகிறது. ஓடு வேய்ந்த வீடு, திண்ணை, கிணறு, வேப்பமரம், நடுவில் எழுதுகிற மேசை. நகரத்தை விமர்சித்து எழுதியவர்களும் கிராமத்தை விமர்சித்து எழுதியவர்களும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகிறார்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிய புகழ்மொழிகளை உடைத்துப் பேசியதை வகுப்பில் நடத்துகிற நானே, மாலை ரயிலில் திண்ணை உள்ள வீட்டைக் கனவு கண்டபடி வந்தேன். கிராமத்தை மறுத்த நம் கருத்தியல் கிராமத்து வீட்டை மறுக்கவில்லை. ஊர் வேண்டாம், ஊரிலுள்ள வீடு வேண்டும். இதைத்தான் தரகர் தன் தொழில் அறிவால் கண்டுபிடித்து 'அமைதி' என்று பெயரிட்டு விற்கிறார்.

2

வீட்டைப் பார்த்தோம். முன்னால் நீளமான கூடம், பின்னால் இரண்டு அறை, சமையல்கட்டு, கிணறு. கூடத்தில் நாலு விசைத்தறி இருந்ததாம். இரண்டு பழைய இரும்புக்குப் போய்விட்டது. மீதி இரண்டு துணி போர்த்தி நிற்கிறது. கூடத்தின் ஒரு மூலையில் தரையில் மட்டும் சிமெண்ட் வேறு நிறத்தில், ஆள் உட்காரும் அளவுக்குத் திட்டாக இருந்தது. "அது தறிக்குழி சார். எங்க நைனா கைத்தறி நெய்ஞ்சது. மூடிட்டோம்" என்றார் வீட்டுக்காரர்.

நெசவு தெரியாத நண்பர்களுக்காக இதை விளக்க வேண்டும். குழித்தறியில் நெசவாளி தரை விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். குழி வெறும் கால் வைக்கும் இடமன்று. மண்ணின் ஈரம் மேலே வந்து பாவு நூல் காய்ந்து அறுந்துபோகாமல் காக்கிறது. அதாவது வீட்டுத் தரையே கருவியின் ஒரு உறுப்பு. அதேபோல நெசவாளர் தெருக்கள் அகலமாகவும் நேராகவும் இருப்பதைப் பார்த்து நாம் வியக்கிறோம், காற்றோட்டம் என்கிறோம். அந்த அகலம் பாவு நீட்டுவதற்கானது. விடிகாலையில் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆற்றி எடுக்க வேண்டும். ஆக வீடு பட்டறை, தெரு பட்டறையின் முற்றம், திண்ணை தார் சுற்றும் இடம். நாம் பார்த்து மயங்குகிற அழகு முழுவதும் வேலையின் வடிவம். வேலை போன பிறகு மிஞ்சும் வடிவத்தை 'அமைதி' என்கிறோம்.

பாஷ்லார் 1957இல் வெளியான 'வெளியின் கவித்துவம்' நூலில் வீட்டைக் கனவு காண்பவரின் அடைக்கலமாக வாசிக்கிறார். பரண், நிலவறை, மூலை, அலமாரி என்று ஒவ்வொன்றாகப் போகிறார். அந்த வாசிப்பின் ஆழத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் கனவு காண்பவருக்கு இடமிருக்கிற அளவுக்குக் கூலிக்கு வேலை செய்பவருக்கு இடமில்லை. அம்மையார்குப்பத்துக் கூடத்தின் மூலையில் எனக்குக் கிடைத்தது மூடிய தறிக்குழி. அங்கே மேசை போடலாம் என்று நான் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தமிழில் வீட்டைக் குறிக்கும் சொற்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். 'இல்'லிலிருந்து இல்லாள், 'மனை'யிலிருந்து மனைவி, 'குடி'யிலிருந்து குடிமகனும் குடியிருப்பும், குடிக்கூலியும். வாடகைக்குப் பழைய பெயர் குடிக்கூலி. 'வீடு' என்பதோ 'விடு' என்ற வினையடியிலிருந்து வருகிறது. அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்த நாலாவது, விடுதலை. நகரத்திலிருந்து போகிற நமக்கு அந்த நாலாவது அர்த்தம் வேண்டியிருக்கிறது. அதை நமக்கு விற்கிறவருக்கு வீடு குடிக்கூலியும் நெசவுக்கூலியும் சந்திக்கிற இடம்.

3

அந்தச் சந்திப்பைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் எங்கெல்ஸ். 1872இல் 'குடியிருப்புப் பிரச்சினை' என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைகள், தொழிலாளிக்குச் சொந்த வீடு கொடுத்துவிட்டால் சமூகப் பிரச்சினை தீரும் என்ற புரூதோனியர் வாதத்துக்கு எழுதிய மறுப்பு. 1887இல் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அவர் ஜெர்மன் கிராமத்துக் குடிசைத் தொழிலாளியை எடுத்துக்கொள்கிறார். சொந்தமாகச் சின்ன வீடு, தோட்டம், தறி. ஒரு காலத்தில் அது அவருக்குப் பாதுகாப்பு. ஆலை இயந்திரத்தோடு போட்டி வந்த பிறகு அதே வீடு கால்கட்டாகிவிடுகிறது. ஊரை விட்டுப் போக முடியாது, கூலி குறைந்தாலும் நெய்துதான் ஆக வேண்டும். வாடகை இல்லை, காய்கறி தோட்டத்தில் கிடைக்கிறது என்பதால் உயிர் வாழ முடிகிறது. அவர் இப்படி மிச்சம் பிடிப்பதை எல்லாம் முதலாளி கூலியில் கழித்துக்கொள்கிறார். ஜெர்மன் சரக்கு உலகச் சந்தையில் மலிவாக இருந்ததன் ரகசியம் இதுதான் என்கிறார் எங்கெல்ஸ்.

இதை லீப்சிக்கிலிருந்து ஆர்.கே.பேட்டை வட்டத்துக்குக் கொண்டுவரப் பெரிய மொழிபெயர்ப்பு எதுவும் தேவையில்லை. மொத்த வியாபாரி நூல் தருகிறார், துணியை எடுத்துக்கொள்கிறார், நெய்த அளவுக்குக் கூலி தருகிறார். தறி நிற்க இடம் யாருடையது? நெசவாளியுடையது. அந்த இடத்துக்கு வாடகை யார் தருகிறார்? யாரும் தருவதில்லை, ஏனென்றால் அது 'வீடு'. தார் சுற்றுகிற மனைவிக்கும் அம்மாவுக்கும் கூலி யார் தருகிறார்? யாருமில்லை, ஏனென்றால் அது 'குடும்பம்'. வீட்டுக்காரர் இதையே என்னிடம் ஒரு வரியில் சொன்னார்: "மூணு பேரு ஒழைப்புக்கு ஒரு கூலி சார். வூடு சொந்தம், அதனால ஓடுச்சி."

தமிழக அரசு 2023இல் கைத்தறியாளருக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறிக்கு 750இலிருந்து 1000 ஆகவும் உயர்த்தியது. இதை நான் குறைத்துப் பேசவில்லை. அது இல்லாமல் பல தறிகள் முன்பே நின்றிருக்கும். ஆனால் கூலி பேசுகிற நாளில் இலவச மின்சாரமும் சொந்த வீட்டைப் போலவே, நெசவாளி இன்னும் கொஞ்சம் குறைவாகவும் வாழ முடியும் என்பதற்கான சாட்சியாக மாறிவிடுகிற ஆபத்து இருக்கிறது என்பது என் வாசிப்பு.

இதன் அடுத்த படி என்னவென்றால், கடன் முற்றும்போது நெசவாளி கடைசியாக விற்பது வீட்டை. அதாவது இத்தனை நாள் அவருடைய கூலிக்குறைவை ஈடுகட்டி வந்த பொருளையே விற்கிறார். அதை வாங்க வருகிறவன் நான். சம்பளம் குறைவுதான், ஆனாலும் அவர் கூலியை விடக் கூடுதல். சென்னையில் எனக்கு எட்டாத வீடு இங்கே எட்டுகிறது என்றால், அந்த மலிவு எங்கிருந்து வந்தது? சந்தையின் கருணையிலிருந்து வரவில்லை.

4

இனி பத்திரங்களுக்கு வருவோம். வீடு வாங்குகிற நண்பர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பழைய ஊர்களின் நடுவில் உள்ள வீடுகள் பெரும்பாலும் கிராம நத்தத்தில் இருப்பவை. நத்தம் என்றால் குடியிருப்புக்கென்று ஒதுங்கிய நிலம், வரி விதித்த வயல் கணக்கில் வராதது. 1980களின் இறுதியிலிருந்து நடந்த நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் வீடு வீடாக அளந்து முதலில் தோராயப் பட்டா, பிறகு தூய பட்டா என்று கொடுத்தார்கள். எனவே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீட்டுக்கும் காகிதம் சமீபத்தியதாகவே இருக்கும். காகிதம் புதுசு என்று பயப்பட வேண்டாம். ஆனால் பட்டாவிலுள்ள அளவும் கிரையப் பத்திரத்திலுள்ள அளவும் தரையிலுள்ள அளவும் பொருந்துகிறதா என்று நாடா பிடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்றை எல்லோரும் எடுக்கிறோம். அது பதிவான நடவடிக்கைகளை மட்டுமே சொல்லும். அண்ணன் தம்பி வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை அதில் வராது. புரோநோட்டுக் கடன் வராது. வட்டிக்காரரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் வராமல் போகலாம். எனவே அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், 'லாக்கர்ல இருக்கு' என்ற பதிலை ஏற்கக் கூடாது.

கோயில் ஊர்ப் பக்கம் வாங்குகிறவர்கள் அடிமனை யாருடையது என்று கேட்க வேண்டும். கட்டடம் இவருடையது, மண் கோயிலுடையது என்கிற வீடுகள் தமிழ்நாடெங்கும் உண்டு. 1959ஆம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. புதிய மனைப்பிரிவில் வாங்குகிறவர்கள் 2016ஐ மறக்கக் கூடாது. அந்த வருஷம் செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனைக்கு அங்கீகாரமோ வரன்முறை ஆணையோ இருக்கிறதா என்று கேளுங்கள். செலவைப் பொறுத்தவரை முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பத்து லட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

பெண்கள் பெயர் என்றதும் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இரண்டு அக்கா. இருவரும் கட்டிக்கொடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார். கையெழுத்துன்னா வந்து போடுவாங்க, பொடவை எடுத்துக் குடுத்தா போதும்" என்றார் தரகர். தமிழ்நாடு 1989லேயே பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தந்தது, அப்போது மணமாகாதவர்களுக்கு மட்டும். 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. பிறப்பாலேயே மகளுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே அக்காக்களின் கையெழுத்து நமக்குக் கட்டாயம் வேண்டும், வாங்குகிறவரின் பாதுகாப்புக்காக. அவர்களுடைய பங்குப் பணம் அவர்கள் கைக்குப் போகிறதா என்பதை எந்தக் காகிதமும் கேட்பதில்லை. தார் சுற்றிச் சுற்றி அந்த வீட்டை நிறுத்தியவர்கள் அவர்கள். பத்திரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. என் மனைவி பெயரில் வாங்கினால் 1 சதவீதம் மிச்சம் என்று நான் கணக்குப் போட்ட அதே தாளின் மறுபக்கம் இது.

5

மூலப்பத்திரம் தெலுங்கில் இருந்தது. நகரிப் பக்கத்து நண்பர் ஒருவர்தான் படித்துச் சொன்னார். இதில் வியப்பில்லை. திருத்தணிப் பகுதி பழைய வட ஆற்காட்டில் கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது ஆந்திரத்தோடு போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் விநாயகமும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் முடிவின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பக்கம் ஆந்திரத்துக்குப் போனது. 1997இலிருந்து திருவள்ளூர் மாவட்டம். வீடு நகரவே இல்லை, அதன் முகவரி மட்டும் இத்தனை முறை குடிபெயர்ந்திருக்கிறது.

படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்தார். அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்தார். நடைமுறைக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் காலையில் தெலுங்கில் சண்டை போட்டு மாலையில் தமிழில் சமாதானம் ஆகிற வீடு இரண்டில் ஒன்றாகத்தான் எண்ணப்பட முடியும். அரசின் கணக்கும் பதிவாளரின் கணக்கும் ஒரே இலக்கணத்தில் இயங்குபவை: ஒரு வீட்டுக்கு ஒரு மொழி, ஒரு உரிமையாளர். பல கைகள் சேர்ந்து நிறுத்திய ஒன்றை ஒரு பெயருக்குள் சுருக்குவதுதான் பத்திரம் என்ற பிரதியின் வேலை. அப்படிச் சுருக்குகையில் வெளியே விழுபவர்கள் யார் என்று வாசிப்பதை நம் விமர்சன மரபு கற்றிருக்கிறது. அதை வீட்டுப் பத்திரத்தில் செய்து பார்க்க நாம் ஏனோ முன்வருவதில்லை.

6

விலை ஓரளவு படிந்த பிறகு தரகர் தயங்கிக் கேட்டார்: "தப்பா நெனச்சிக்காதீங்க சார். நீங்க இன்னா ஆளுங்க?"

தமிழ்நாட்டில் எந்த ஊரில் வீடு தேடினாலும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் வரும். சைவமா என்று வரும், சொந்த ஊர் எது என்று வரும். சாதி ஒழிப்புப் பற்றி இதே மாதிரிப் பக்கங்களில் எழுதியிருக்கிற நான் என்ன செய்தேன்? பதில் சொன்னேன். என்னுடையது கதவு திறக்கிற பதில். சொன்னதும் உள்ளேயிருந்து காபி வந்தது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர், காலனியிலிருந்து வந்தவர், வேறொரு ஊரில் வேலை கிடைத்து வீடு தேடினார். முன்பணம் கொடுத்து இரண்டாம் நாள் திருப்பித் தந்துவிட்டார்கள், தங்கச்சி குடும்பம் வரப்போகிறது என்று சொல்லி. அவருக்கும் நான் பாஷ்லாரை நடத்தியிருக்கிறேன்.

குடியிருக்கும் மண் யாருடையது என்பது இந்த நிலப்பரப்பில் பழைய கேள்வி. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் ஆதாரமான விஷயங்களில் ஒன்று இது. சேரியில் குடியிருப்பவருக்கு அவர் குடிசை நின்ற மண் சொந்தமில்லை, மிராசுதாரர் அதையும் தன்னுடையது என்றார். கூலி கேட்டால், சொல் பேச்சு மீறினால், வீட்டைக் காலி செய் என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அந்த நிலத்தைப் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்குத்தான் விற்கலாம். இந்த நிபந்தனை இருந்தும் எவ்வளவு நிலம் கைமாறியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். பிறர் நிலத்தில் குடியிருந்த உழைப்பாளிகளுக்குக் குடியிருக்கும் மண்ணைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. அதாவது வீட்டடி மண்ணைச் சொந்தம் கொண்டாட ஒரு பகுதி மக்கள் சட்டத்துக்காகக் காத்திருந்த காலத்தில், இன்னொரு பகுதி திண்ணையைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தது.

ஆகவே தமிழகத்தில் எங்கு மனை வாங்கினாலும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நிபந்தனைப் பட்டா நிலமா, பழைய பதிவில் யார் பெயர் என்று கேளுங்கள். மனைப்பிரிவுக்காரர் அடிக்கும் வண்ணத் தாளில் அது இருக்காது. இந்த வேலை கூடிக்கொண்டுதான் போகும். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டத்தின் பகுதிகள் வரை போய்விட்டது. நகரம் காகிதத்தில் முதலில் வருகிறது, பிறகு கல் நடுகிறார்கள், அதன் பிறகு 'அமைதியான சூழல்' என்று பலகை வைக்கிறார்கள்.

7

இவ்வளவும் எழுதுகிறவன் வீட்டை வாங்காமல் திரும்பிவிட்டான் என்று நினைத்தால் அது தவறு. முன்பணம் கொடுத்துவிட்டேன். கிரையத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது.

முன்பணம் கொடுத்த அன்று வீட்டுக்காரர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டார். "வூட்ட நீங்களே வாங்கிக்கங்க சார். முன்கூடத்துல ரெண்டு தறிய மட்டும் நான் ஓட்டிக்கிறேன். மாசாமாசம் வாடகை குடுத்துர்றேன். தறிய எடுத்தா இரும்பு வெலைக்குத்தான் போவும். அதுக்கப்புறம் நான் வாட்ச்மேன் வேலைக்கு அம்பத்தூர்தான் வரணும்."

நான் விட்டுவிட்டு வர நினைக்கிற ஊருக்கு. சரி என்றால், இத்தனை நாள் வாடகையில்லாத வீட்டால் ஓடிய தறி, இனி எனக்கு வாடகையும் கொடுத்து ஓட வேண்டும். கூலியோ அதேதான். எங்கெல்ஸின் முன்னுரையில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று யோசிக்க வேண்டியதில்லை. முடியாது என்றால், எனக்கு அமைதி கிடைக்கும், அவருடைய வேலை நிற்கும். வாங்காமல் விலகினால் அடுத்த ஆள் வருவார், வட்டி மட்டும் ஏறியிருக்கும். மூன்றாவதாக ஒன்று தோன்றியது. பின்கட்டை மட்டும் நான் வாங்குவது, முன்கூடத்தைத் தறியோடு அவரே வைத்துக்கொள்வது. கடனில் முக்கால் பாகம் அதில் தீரும். நத்தத்தில் உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டும், நடைவழிப் பாத்தியதையைப் பத்திரத்தில் எழுத வேண்டும், அக்காக்கள் இருவருக்கும் அவரவர் பங்கு அவரவர் கணக்கில் போக வேண்டும். சொன்னபோது அவருக்கும் பிடித்திருந்தது மாதிரிதான் இருந்தது. தரகருக்குப் பிடிக்கவில்லை.

மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். வீட்டுக்காரரின் அம்மா பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இந்தச் சத்தத்துல கொழந்த படிக்குமா கண்ணு?" நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரர் போர்வையை விலக்கி ஒரு தறியை ஓட்டிக் காட்டினார். இரண்டு மாசம் நின்ற தறி. முதலில் திணறியது, பிறகு ஓடியது. நாடா போய் வருவதைப் பையன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கூடத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் மனைவி கேட்டாள்: ராத்திரி எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள், அதையும் பத்திரத்தில் எழுத முடியுமா?

அதற்கு எனக்கு விடை தெரியவில்லை. பின்கட்டு மட்டும் வாங்கி, பட்டறையும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் பிரிந்தும் சேர்ந்தும் இருக்கிற ஏற்பாட்டில் வாழ்ந்த அனுபவம் உள்ள தோழர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பத்திரம் எழுதிய மாதிரி இருந்தால் அதையும் அனுப்புங்கள். நாற்பது நாளுக்குள் வந்தால் உதவியாக இருக்கும்.